தேசிங்கு ராஜன் கதை: பாட்டில் எது தேஜ் சிங், எது கூத்து?

வழிப்போக்கன்:

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தேசிங்கு ராஜா என்று ஒருவன் இருந்தானா, இல்லை பாட்டுக்காரர்கள் கட்டிவிட்டதா? இருந்தான், அதில் சந்தேகமே வேண்டாம். இந்த இழையை நான் தொடங்குவது அடுத்த கேள்விக்காக. பாட்டில் வருகிற தேசிங்கில் அந்த மனிதன் எவ்வளவு?

முதலில் உறுதியானவை. பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டு ராஜபுத்திரன். அப்பா ஸ்வரூப் சிங், முகலாயர் நியமித்த செஞ்சிக் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். 1700 வாக்கில் வந்து, இறக்கும் வரை கோட்டையைக் கையில் வைத்திருந்தவர். 1714 தொடக்கத்தில் அவர் இறந்தார். சேதி கேட்டு மகன் வடக்கிலிருந்து வந்து கோட்டைப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி சண்டை, தேஜ் சிங் களத்தில் விழுந்தான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். செஞ்சியை அவன் ஆண்டது சுமார் பத்து மாதம்.

இப்போது பாட்டைப் பாருங்கள். டெல்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத குதிரை. அதை அடக்க முடியாமல் சிறைப்பட்ட அப்பா. பாட்டில் அவர் பெயர் தேரணி சிங்கு. சின்னப் பையனாகப் போய்க் குதிரையை அடக்கி அப்பாவை மீட்டு வருகிற மகன். பரிசாகக் குதிரை பாராசாரி, மனைவியாக ராணிபாய். உயிர்த் தோழன் மாமத்துகான், அவன் குதிரை நீலவேணி. பிறகு நவாப் ஆள் அனுப்பிக் கப்பம் கேட்கிறான், தேசிங்கு மறுக்கிறான், சண்டை மூள்கிறது. கல்யாணப் பந்தலிலிருந்து மாமத்துகான் எழுந்து வருகிறான். இருவரும் சாகிறார்கள், ராணிபாய் தீயில் இறங்குகிறாள்.

பதினாலு வருஷம் கோட்டையை ஆண்ட அப்பாவின் பெயரையே பாட்டு தொலைத்துவிட்டது. பத்து மாத மகனை விடவில்லை. ஆனால் நவாபின் தூதன் பெயர், எந்தக் கோயிலில் கும்பிட்டான், எந்த ஆறு தாண்டினான், எவ்வளவு பாக்கி என்று கேட்டார்கள் என்பது போன்ற உப்புச்சப்பில்லாத விவரங்களை அது விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: கேட்பவர் உடம்பு சிலிர்க்கிற இடத்தில் வரலாற்றைத் தேடாதீர்கள். கணக்குப்பிள்ளை பேசுகிற மாதிரி பாட்டு பேசுகிற இடம் இருக்கிறதே, அங்கே தேடுங்கள். கதை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக யாரும் வரி பாக்கியைக் கற்பனை செய்யமாட்டார்கள்.

கூத்துவாசல்:

அண்ணே, வணக்கம். நீங்க சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கிறேன், பாதிக்கு மாட்டேன். எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்ல தெருக்கூத்து. தேசிங்கு ராஜன் கூத்து வெச்சா விடியவிடிய ஒருத்தர் எழுந்துபோக மாட்டாங்க.

நீங்க ஊர்ப்பேரை எல்லாம் நம்பலாம்னு சொல்றீங்க. ஆடறவங்களுக்குத் தெரியும், ஊர்ப்பேர்தான் ரொம்ப லேசா மாறும். எந்த ஊர்ல பந்தல் போட்டிருக்கோ அந்த ஊர்ப்பேரைக் கதைக்குள்ள ஒரு இடத்துல நுழைக்கிறது வழக்கம். தேசிங்கு குதிரை நம்ம ஊர் ஏரிக்கரையில தண்ணி குடிச்சுதுன்னு கட்டியக்காரன் சொன்னா ஜனங்க கை தட்டுவாங்க, பணமும் குத்துவாங்க. அடுத்த தலைமுறைக்கு அது சரித்திரம் ஆயிடும். அதனால சப்பையா இருக்கிற விவரம் எல்லாம் நெசம்னு எடுத்துக்க வேணாம்.

மாறாதது எதுன்னு கேட்டா, சண்டைக்குப் போற சீனோட வரிசை. சிங்கவரம் பெருமாள்கிட்ட உத்தரவு கேக்கறது, சாமி முகத்தைத் திருப்பிக்கிறது, ராணிகிட்ட விடை வாங்கறது, மாமத்துகானுக்கு ஓலை போறது. யார் ஆடினாலும் இந்த வரிசையில கை வைக்க மாட்டாங்க.

பழஞ்சுவடி:

நல்ல தொடக்கம். ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலர் ஒரு பொறியில் விழுகிறார்கள்.

தேஜ் சிங் பற்றி நமக்கு வந்து சேர்ந்த எழுத்துகள் மூன்று திசையிலிருந்து வருகின்றன. ஒன்று பாரசீகம். சாதத்துல்லா கானின் புகழைப் பாடும் ‘சயீத்நாமா’. எழுதியவர் ஜஸ்வந்த் ராய், நவாபின் முன்ஷி (எழுத்தர்). பிற்பாடு வாலாஜா நவாப் காலத்தில் புர்ஹான் எழுதிய ‘துசக்-இ-வாலாஜாஹி’யும் பழைய நவாப்களைச் சொல்லிச் செல்கிறது. இரண்டாவது, கடற்கரை வணிகக் கம்பெனிகளின் குறிப்புகள். சென்னை ஜார்ஜ் கோட்டை, கடலூர் டேவிட் கோட்டை, புதுச்சேரி. செஞ்சியில் யார் இருக்கிறார் என்பது இவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினை; ஸ்வரூப் சிங்கோடு டேவிட் கோட்டைக்காரர்கள் 1710லிருந்தே மோதிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்துவைத்தார். 1712இல் பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தார்கள். மூன்றாவது தமிழ். ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது நாராயணன் எழுதியது, காலின் மெக்கன்சி திரட்டிய சுவடித் தொகுப்பில் வந்தது.

பொறி இந்த மூன்றாவதில் இருக்கிறது. தேசிங்கு பற்றி இன்று நாம் படிக்கும் விறுவிறுப்பான விவரங்களில் பெரும்பகுதி நாராயணன் வழியாக வந்தவை. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு இவரை நிறையவே பயன்படுத்துகிறது. நாராயணன் செஞ்சிக்காரர். எழுதியது சண்டை முடிந்து கிட்டத்தட்ட 90 ஆண்டு கழித்து. செஞ்சியில் பிறந்து வளர்ந்த ஒருவர் தேசிங்கு பாட்டைக் காதில் வாங்காமல் இருந்திருப்பாரா? ஆகவே ‘பாட்டும் சொல்கிறது, சரித்திரமும் சொல்கிறது, எனவே உண்மை’ என்று வாதிடுவது செல்லாது. அங்கே பேசுவது ஒரே சாட்சிதான், இரண்டு சட்டை போட்டுக்கொண்டு.

தனிச் சாட்சி என்றால் பாரசீகமும் கம்பெனிக் குறிப்பும்தான். அவர்களுக்குத் தேசிங்கைப் பற்றிய பாட்டு தெரியாது, தெரிந்திருந்தாலும் அக்கறை இல்லை. ஜஸ்வந்த் ராய் எதிராளியின் வீட்டு ஆள். அவர் தேஜ் சிங்கைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

நெல்லைச்சீமை:

வழிப்போக்கன் ஐயாவின் யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. ஆவணம் கொட்டிக்கிடக்கிற ஒரு வீரனோட பாட்டை எடுத்துக்கிடுவோம். எங்க பக்கத்துக் கட்டபொம்மு கதைப்பாடல். நா. வானமாமலை பதிப்பிச்சது. கம்பெனிக் கடிதங்கள் கட்டுக்கட்டா இருக்கு, வரிக்கு வரி வெச்சுப் பாக்கலாம்.

பாட்டுல சாக்சன் துரை வர்றார். ஆவணத்துல கலெக்டர் ஜாக்சன். பாட்டுல ராமநாதபுரத்துல பேட்டி, கைகலப்பு, துரை ஒருத்தன் சாவு. ஆவணத்துல 1798 செப்டம்பர் 10, ராமநாதபுரம், லெப்டினன்ட் கிளார்க் சாவு. கிஸ்தி பாக்கிதான் தகராறுக்கு வேர், அது ரெண்டுலயும் இருக்கு. அப்புறம் பானர்மேன், கயத்தாறு, 1799 அக்டோபர் 16 தூக்கு.

ஆக, அதிகாரியோட பேரு, இடம், பணத் தகராறு, இந்த மூணையும் பாட்டு கெட்டியா வெச்சிருக்கு. பேச்சு, சபதம், கனவு, சகுனம் இதெல்லாம் எல்லாக் கதைப்பாடல்லயும் பொதுவா வர்றது. ஒரு வீரன்கிட்டேர்ந்து எடுத்து இன்னொருத்தனுக்கு மாட்டிவிடலாம். ஐயா சொல்ற விதி தெக்கத்திப் பாட்டுக்குப் பொருந்துது. ஆனா ஒண்ணு. கட்டபொம்மு பாட்டு சம்பவம் நடந்து சூடு ஆறுறதுக்குள்ள கட்டினது மாதிரித் தெரியுது. தேசிங்கு பாட்டு எப்போ கட்டினதுன்னு முதல்ல பாக்கணும்.

சங்கராபரணி:

எனக்குச் செஞ்சிப் பக்கம்தான். இடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

சிங்கவரம் கோட்டையிலிருந்து பக்கம். குடைவரைக் கோயில், பல்லவர் காலத்தது. பள்ளிகொண்ட பெருமாள் மலைப்பாறையோடு சேர்ந்த பெரிய உருவம். தலை ஒருபக்கம் சாய்ந்து திரும்பியிருக்கும். போருக்கு உத்தரவு கேட்ட தேசிங்கைப் பார்க்க மனமில்லாமல் பெருமாள் முகம் திருப்பினார் என்று இன்றைக்கும் அர்ச்சகர் சொல்வார். சிலை தேசிங்குக்கு ஆயிரம் வருஷம் முந்தியது. முதலில் சாய்ந்த தலை இருந்தது, அதைப் பார்த்துப் பிறகு கதை வந்தது. கூத்துவாசல் சொன்ன ‘மாறாத காட்சி’ ஏன் மாறவில்லை என்றால் அது கல்லில் ஒட்டியிருக்கிறது. கல் நகராது, அதனால் காட்சியும் நகரவில்லை. அதை வைத்து அது நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளம். அதன் கரையில் ஒரு மேடை. தேசிங்கை எரித்ததும் ராணி தீப்பாய்ந்ததும் அங்கே என்பார்கள். மாமத்துகான் சமாதியும் குதிரைச் சமாதியும் நீலாம்பூண்டியில். சண்டை நடந்த இடமாகக் கடலியையும் தேவனூரையும் சொல்வார்கள். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், ஆற்காட்டிலிருந்து வருகிற படை கோட்டையை நெருங்கும் பக்கம்தான் இது. யாரோ ஒரு ஆட்டக்காரர் கைதட்டலுக்காகச் சேர்த்த ஊர்ப்பேர் இப்படிப் படையெடுப்புக்குத் தோதாக அமைவது கஷ்டம்.

ஆறும் அப்படித்தான். சங்கராபரணி வருஷம் பூரா மணலாகக் கிடக்கும். வெள்ளம் வந்தால் சட்டென்று வரும், நின்று யோசிக்க விடாது. பாட்டில் தேசிங்கு ஆற்று வெள்ளத்தில் குதிரையை இறக்குகிறான். சண்டை அக்டோபரில். மழைக்காலத் தொடக்கம். பாட்டுக்காரர்கள் கையில் இங்கிலீஷ் தேதி இல்லை, ஆனாலும் பருவம் ஒத்துப்போகிறது. பாட்டில் என்னை நம்ப வைத்த முதல் இடம் இதுதான்.

பழஞ்சுவடி:

சங்கராபரணி, வெள்ளம் பற்றிச் சொன்னது அருமை. தேதி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள், பிரெஞ்சுக்காரர் புதிய கிரெகோரியனில். 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் மாறியது 1752இல். அக்டோபர் 3 என்பதைச் சென்னைக் குறிப்பிலிருந்து எடுத்தால் புதுச்சேரிக் கணக்கில் அது அக்டோபர் 14. புரட்டாசிக் கடைசியா, ஐப்பசித் தொடக்கமா என்பது இதில் அடங்கியிருக்கிறது. இரண்டிலும் ஆற்றில் வெள்ளம் வரலாம், ஆகவே உங்கள் வாதம் நிற்கும்.

இன்னொன்று. 1714 சித்திரையில் பிறந்தது ஜய வருஷம். பெரிய எழுத்துப் பதிப்போ, ஓலைப் பிரதியோ, யாரிடம் எந்தப் பிரதி இருந்தாலும் வருஷப்பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஜய வந்தால் பெரிய சான்று. வேறு பெயர் வந்தால் அது பாட்டு கட்டிய வருஷமாக இருக்கலாம், அதுவும் நமக்கு வேண்டியதே. நெல்லைச்சீமை கேட்ட கேள்விக்கு விடை அங்கிருந்து கிடைக்கலாம்.

கல்வெட்டுத்தேடி:

பாட்டில் நவாபின் ஆளாக வரும் தோன்றமல்லன் பற்றி யாரும் பேசவில்லையே! இந்த இழையின் தங்கம் அவர்தான்.

சாதத்துல்லா கானிடம் லாலா தோடர்மல் என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அக்பரின் தோடர்மல் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த லாலா தோடர்மலைக் காஞ்சிபுரத்தில் கல்வெட்டிலேயே பார்க்கலாம். முகலாயப் படையெடுப்புக்குப் பயந்து வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து 1710இல் திரும்பக் கொண்டுவருவதற்குத் துணை நின்றவர் தோடர்மல். வரதராஜர் கோயிலில் அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருமலைக் கோயிலில் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்களில் ஒன்று இவருடையது என்பார்கள், கூட மாதா மோகனதேவி, பிதாபீபி என்ற இரண்டு பெண்கள்.

நாட்டுப்புறப் பாட்டில் கப்பம் வசூலிக்க வந்து அவமானப்பட்டுத் திரும்பும் ‘தோன்றமல்லன்’ இவரே என்பது என் கணிப்பு, எனக்கு முன்னாலும் பலர் அப்படித்தான் கருதியிருக்கிறார்கள். 1710இல் காஞ்சியில் இருந்தவர் 1714இல் செஞ்சிக்கு வருவதில் காலமும் இடமும் பொருந்துகின்றன. தோடர்மலின் காஞ்சிப் புகழ் பாட்டுக்காரருக்குத் தெரியாது, தெரிந்தால் பெருமாளைத் திருப்பிக் கொண்டுவந்தவரை வில்லன் ஆக்கியிருக்க மாட்டார். பாட்டு எங்கிருந்தோ நேரடியாகக் கேட்ட பெயரை அப்படியே வைத்திருக்கிறது. வழிப்போக்கன் சொல்லும் கணக்குப்பிள்ளை விவரம் என்றால் இதுதான்.

கோட்டையிலேயே இன்னொரு சாட்சி நிற்கிறது. கீழ்க்கோட்டையில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல், பாரசீகக் கல்வெட்டோடு. 1717-18ஐச் சேர்ந்தது. தேஜ் சிங் இறந்த மூன்று நாலு வருஷத்தில் வென்றவர் தன் பெயரில் கட்டியது. பத்து மாதக் கில்லேதாரைத் தோற்கடித்தது நவாபுக்குச் சின்ன விஷயமாக இருந்தால் இப்படி முத்திரை குத்தியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்த் திசையில் ஒரு உதாரணமும் தருகிறேன். ராணிப்பேட்டை. தேசிங்கின் மனைவி தீப்பாய்ந்ததை மெச்சி நவாப் அவள் நினைவாகப் பாலாற்றங்கரையில் உண்டாக்கிய ஊர் என்று எல்லோரும் சொல்கிறோம். பழைய இம்பீரியல் கெசட்டியரே எழுதியிருக்கிறது, 1771 வாக்கில் சாதத்துல்லா கான் அமைத்தார் என்று. சாதத்துல்லா கான் இறந்தது 1732இல்! வருஷம் தப்பு அல்லது ஆள் தப்பு. அச்சில் ஏறிய அரசாங்கப் புத்தகம் இப்படி என்றால், பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். படித்துக்கொண்டே வருகிறேன், நிறுத்த முடியவில்லை. ஒரு சந்தேகம். டெல்லிக் குதிரைக் கதை எங்கிருந்து வந்தது? அதில் கொஞ்சமாவது உண்மை இருக்குமா? என் பாட்டி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

வழிப்போக்கன்:

புதுவரவுக்கு: யாரும் ஏற முடியாத குதிரையைச் சிறுவன் அடக்குவது உலகம் முழுக்க நடமாடுகிற கதை. கிரேக்கர்கள் அலெக்சாந்தர் பேரில் சொன்னார்கள். தேசிங்கின் வாழ்க்கையில் அது நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு விதை இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா டெல்லிக்குக் கட்டுப்பட்டவர். குடும்பத்தின் மானமும் சொத்தும் பாதுஷாவின் ஒரு சொல்லில் தொங்குகின்றன. அப்பா பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியிருக்கிறது. இது மூன்றும் தேஜ் சிங்கின் நிஜ நிலைமை.

அதை விளக்க, புந்தேலர்கள் செஞ்சிக்கு எப்படி வந்தார்கள் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் தப்பி வந்து செஞ்சியில் புகுந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698 தொடக்கத்தில் பிடித்தார். கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று தன் பட்டப்பெயரைச் சூட்டினார். அந்தப் படையில் தலபத் ராவ் புந்தேலா முக்கியமானவர். அவரிடம் வேலை பார்த்த பீம்சேன் எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த முற்றுகைக் காலத்துக் கர்நாடகத்தைப் பார்க்கலாம். ஆக, புந்தேலர் செஞ்சியில் உட்கார்ந்தது சுல்பிகர் கானின் நிழலில்.

கூட்டிப் பாருங்கள்: தலபத் ராவ் 1707இல் ஜாஜு போரில் இறந்துவிட்டார். ஔரங்கசீப்பும் அதே ஆண்டு போய்விட்டார். 1713 பிப்ரவரியில் புதிய பாதுஷா பரூக்சியர் சுல்பிகர் கானைக் கொன்றுவிட்டார். 1714 தொடக்கத்தில் ஸ்வரூப் சிங்கும் இறக்கிறார். தேஜ் சிங் செஞ்சிக்கு வந்து சேரும்போது டெல்லியில் அவனுக்காக வாய் திறக்க ஒரு ஆள் மிச்சமில்லை. அவன் கையில் இருந்தது அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த சனது, அதாவது பதவி உத்தரவுதான்.

முகலாயச் சட்டத்தில் கில்லேதார் பதவியும் ஜாகீரும் (வரி வருவாய்க்காகக் கொடுத்த நிலம்) பரம்பரைச் சொத்து அல்ல. ஆள் இறந்தால் கணக்குப் பார்த்து, பாக்கி வசூலித்து, புதிய உத்தரவு வாங்க வேண்டும். ஸ்வரூப் சிங் பல ஆண்டுகள் பணம் கட்டவில்லை. எழுபது லட்சம் பாக்கி என்ற கணக்கு சொல்லப்படுகிறது. ராஜபுத்திரர் ஊரில் முறை வேறு. அப்பன் இடத்தில் மகன் உட்காருவான், பாதுஷா பிறகு ஒப்புக்கொள்வார். தேஜ் சிங் தன் ஊர் முறையில் நடந்தான். நவாப் தன் சட்டத்தில் நடந்தார். இருவரும் தங்கள் பக்கம் நியாயம் என்று நம்பினார்கள். பாட்டில் இது ‘கப்பம் கேட்டான், கொடுக்க மாட்டேன் என்றான்’ என்று சுருங்கிவிட்டது. சுருங்கினாலும் அச்சு கெடவில்லை.

கூத்துவாசல்:

அண்ணே, இதைப் படிச்சதும் எனக்கு வேற மாதிரி தோணுது. கூத்துல தேசிங்கு கேப்பான், ‘டெல்லி பாதுஷா எங்களுக்குக் கொடுத்தது, ஆற்காட்டானுக்கு என்ன பாத்தியதை’ங்கற மாதிரி. அதை நாங்க வீராப்புப் பேச்சுன்னுதான் ஆடிட்டு வந்தோம். அது சட்டப்பேச்சு. இனிமே அந்த இடத்தை ஆடும்போது பையன் ஒருத்தன் கையில காயிதத்தை வெச்சுக்கிட்டு நியாயம் கேக்கற மாதிரி ஆடணும். சத்தம் போட்டு ஆடக்கூடாது.

இன்னொண்ணு. எல்லாரும் தோன்றமல்லனைப் பிடிச்சுக்கிட்டீங்க, மாமத்துகானை விட்டுட்டீங்க. ஜனங்க அழுவறது தேசிங்குக்கு இல்ல, மாமத்துகானுக்குத்தான். தாலி கட்ட வேண்டிய நேரத்துல சிநேகிதன் கூப்பிட்டான்னு கிளம்பினவன். சண்டைக்கு எதிர்ப்பக்கம் நிக்கறதும் துலுக்கப் படை, இவன் கூட நிக்கறவனும் துலுக்கன். யாரும் அதை ஒரு விஷயமாவே பேசலை, பாட்டுலயும் சரி, எங்க பந்தல்லயும் சரி.

சங்கராபரணி:

கூத்துவாசல் சொன்னதுக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறது. செஞ்சி வட்டாரம் திரௌபதியம்மன் கோயில்களின் தாய்வீடு. மேலச்சேரிக் கோயிலைத்தான் மூலக்கோயில் என்பார்கள். அந்த அம்மனுக்குக் காவல்காரன் முத்தால் ராவுத்தன், முஸ்லிம் வீரன். கோயிலுக்குக் கோயில் அவனுக்கு இடம் உண்டு. தோழனாக, காவலனாக ஒரு முஸ்லிம் வீரன் நிற்பது இங்கே கூத்துப் பார்க்கிறவர்களுக்குப் புதுசு இல்லை. அதனால் இரண்டு விதமாகவும் வாதிடலாம். முத்தால் ராவுத்தன் அச்சில் மாமத்துகானை வார்த்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். முகலாயக் கோட்டைக் காவல்படையில் புந்தேலரும் பட்டாணியரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள், அங்கே இப்படி ஒரு நட்பு முளைப்பது இயல்பு என்று நான் சொல்வேன். நீலாம்பூண்டிச் சமாதிக்குப் போய்ப் பாருங்கள், அங்கே வந்து வேண்டிக்கொள்கிறவர்கள் இரண்டு மதத்திலும் உண்டு.

பழஞ்சுவடி:

மாமத்துகானை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அவரை உறுதி செய்யும் சாட்சி தமிழ்ப் பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது: பாட்டு, நாராயணன், சமாதி. மூன்றும் செஞ்சி. தோன்றமல்லனுக்குக் காஞ்சியில் கல் இருக்கிறது. அதனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

ராணிபாய் நிலைமை இன்னும் மோசம். ராணியும் மரியாதைச் சொல், பாயும் மரியாதைச் சொல். அந்தப் பெண்ணுக்கு அவள் அம்மா வைத்த பெயர் நம்மிடம் இல்லை. அவள் பெயரில் ஊர் இருக்கிறது, மேடை இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. இந்தக் கதையில் என்னை வருத்துகிற இடம் இது.

நெல்லைச்சீமை:

பாட்டை யார் காப்பாத்தி வெச்சாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? தேசிங்கோட போன புந்தேலப் படைக்காரங்க எல்லாரும் ஊர் திரும்பலை. வட ஆற்காடு, தென் ஆற்காட்டுல போந்திலி ராஜபுத்திரர்கள்னு இருக்காங்களே, அவங்க மூதாதைகள் புந்தேல்கண்டுலேர்ந்து படையோட வந்தவங்க. அவங்க வீடுகள்ல இந்தக் கதையோட முதல் வடிவம் இருந்திருக்கலாம். தோத்த பக்கத்துப் படைவீரன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைன்னு எடுத்துக்கிட்டா, நவாபோட அதிகாரி பேரு, பாக்கிக் கணக்கு, எந்த இடத்துல ஆறு தாண்டினோம்ங்கறது எல்லாம் நினைவுல இருக்கறதுக்குக் காரணம் கிடைக்குது. தமிழ்க் கூத்துக்காரங்க கைக்கு வந்தப்புறம்தான் சிங்கவரத்துச் சாமியும் சகுனமும் சேந்திருக்கணும்.

வழிப்போக்கன்:

நெல்லைச்சீமை சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் விதிக்கு இல்லாமல் இருந்த காரணம் அதில் இருக்கிறது.

சாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிட்டு இப்போதைக்கு நிறுத்துகிறேன். பாட்டில் தோழன் விழுந்த பிறகு தேசிங்கு வாளை வானத்தில் எறிந்து, விழும்போது மார்பில் ஏந்தி மடிகிறான். எதிரி கை அவன் மேல் படவே இல்லை. வரலாற்றில் அவன் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான். முகம் தெரியாத ஒரு சிப்பாயின் குண்டு. சில நூறு குதிரைகளோடு பல ஆயிரம் பேரை எதிர்த்தவன் வாளுக்கு வாள் நின்று சாகக்கூட வாய்ப்பில்லாமல் போனது. தோற்ற பக்கத்தாருக்கு அதைத் தாங்க முடிந்திருக்காது. பாட்டு மாற்றியது அந்த ஒரு கணத்தைத்தான், அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரலாறு எழுதுகிறவர் அங்கே குண்டை எழுத வேண்டும். பாடப்புத்தகத்திலும் கோட்டை வாசல் பலகையிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், எது பாட்டு, எது ஆவணம் என்று சொல்லி.

இழையில் இருப்பவர்களிடம் கேட்பது மூன்று. பழைய பெரிய எழுத்துப் பதிப்பு வீட்டில் இருந்தால் தோன்றமல்லன் வரும் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பதிப்பித்த ஆண்டு தெரிகிற மாதிரி. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்குப் போகிறவர்கள் மெக்கன்சிச் சுவடிகளில் செஞ்சி பற்றிய கைபீதுகளையும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) நாராயணனையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாததைக் குறித்து வாருங்கள். போந்திலிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள், குறிப்பாக ஸ்வரூப் சிங்கை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை.

கூத்துவாசல்:

அண்ணே, எங்க வீட்டுப் பெட்டியில தாத்தா கையால எழுதின நோட்டு ஒண்ணு இருக்கு, தேசிங்கு ராஜன் முழுக்கதை. அட்டை போயிடுச்சு, உள்ளே பக்கம் எல்லாம் இருக்கு. தோன்றமல்லன் வர்ற இடத்தையும், வருஷப்பேர் ஏதாவது இருக்கான்னும் பாத்து, ஞாயித்துக்கிழமை இங்கேயே போடறேன்.